ஹைப்போதெர்மியா: குளிர்விப்பா, தணிப்பா?

ஹைப்போதெர்மியா என்ற மருத்துவச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? தெர்மாமீட்டரிலும் தெர்மாஸ் குடுவையிலும் இருக்கும் அதே 'தெர்மா'தான் இதிலும். கிரேக்கத்தில் 'தெர்மே' வெப்பம், 'ஹைப்போ' கீழே. உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா. 'ஹைப்போ' கை தவறி 'ஹைப்பர்' ஆனால் பொருள் தலைகீழாகிவிடும், ஜாக்கிரதை.

பனியில் சிக்கியவருக்கு ஆபத்தான இதையே, இதயம் நின்று மீண்டும் துடிக்க ஆரம்பித்த பிறகும் நினைவு திரும்பாதவருக்குச் சிகிச்சையாகக் கொடுத்தார்கள். (மாரடைப்பு வேறு, இதயநிறுத்தம் வேறு. முன்னது இதயத்தின் ரத்தக்குழாய் அடைபடுவது, பின்னது துடிப்பே நின்றுபோவது. நம் செய்தித்தாள்கள் இரண்டையும் 'மாரடைப்பு' என்றே போட்டுவிடுகின்றன.) ரத்தம் கிடைக்காமல் தவித்த மூளைக்கு, ரத்தம் திரும்பிய பிறகும் சேதம் தொடர்கிறது. குளிர்ந்த மூளை ஆக்ஸிஜனைக் குறைவாகக் கேட்கும் என்பது கணக்கு. 2002-இல் வெளியான இரண்டு ஆய்வுகள் இந்தக் கணக்குக்குப் பலம் சேர்த்தன. ஐரோப்பியர்கள் குளிர்காற்று ஊதும் மெத்தையில் நோயாளியைப் படுக்கவைத்து 32 முதல் 34 டிகிரியில் 24 மணி நேரம் வைத்தார்கள். ஆஸ்திரேலியர்கள் ஐஸ் பைகளை உடம்பைச் சுற்றி அடுக்கி 33 டிகிரிக்குக் கொண்டுபோனார்கள்.

ஐஸ் பை மலிவு, யாரும் வைக்கலாம். ஆனால் 33-இல் நில் என்றால் நிற்காது, அதற்கும் கீழே இறங்கிவிடும். குளிர்நீர் ஓடும் போர்வையும் ஒட்டும் ஜெல் பட்டையும் இயந்திரத்தோடு இணைந்தவை, உள்வெப்பத்தைப் பார்த்து நீரின் குளிர்ச்சியை மாற்றிக்கொள்ளும். தொடையின் பெரிய சிரைக்குள் குழாய் விட்டு, அதனுள்ளேயே குளிர்ந்த உப்புநீரைச் சுற்றவிடுவது இன்னொரு வழி. உப்புநீர் ரத்தத்தில் கலக்காது. இலக்கைப் பிடிப்பதில் இதுவே கெட்டி. ஆனால் சிரையைத் துளைப்பதால் ரத்தக்கட்டி, தொற்று என்ற கவலைகளும் கூடவே வரும். சரி, இந்தக் குழாயால் வேகமாகக் குளிர்ந்தால் அதிகம் பேர் பிழைத்தார்களா? 2015-இல் பிரான்ஸில் 400 நோயாளிகளிடம் இந்தக் குழாய் முறையை வெளிப்புறக் குளிர்விப்போடு ஒப்பிட்டபோது உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில், ஆம்புலன்ஸிலேயே 4 டிகிரி உப்புநீரை 2 லிட்டர் வரை நேராக ரத்தத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். பலன் இல்லை. வழியிலேயே மறுபடி இதயம் நின்றவர்களின் எண்ணிக்கைதான் கூடியது.

இனி தமிழுக்கு வருவோம். 'தாழ்வெப்பநிலை' என்ற சொல் உண்டு. பனியில் சிக்கியவரின் நிலையைச் சொல்ல அது போதும். 'உடல்' என்ற முன்சொல் இல்லாவிட்டால் வானிலை அறிக்கை போலத் தொனிக்கும், அவ்வளவுதான். ஆனால் அது நிலையைக் குறிக்கும் பெயர், செய்யும் வேலையைச் சொல்லாது. 'குளிர்விப்பு' வேலையைச் சொல்கிறது, ஆனால் காதில் விழுந்ததும் பிரிட்ஜ் ஞாபகம் வருகிறது. எனக்குப் பிடித்தது 'தணிப்பு'. தண்ணீரில் இருக்கும் அதே 'தண்'ணின் உறவு. காய்ச்சல் தணிந்தது, கோபம் தணிந்தது என்கிறோம். முருகனின் சினம் தணிந்த இடம் திருத்தணி என்கிறது தலபுராணம். மிகுந்ததைப் பக்குவமாக இறக்குவது என்ற குறிப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அப்புறம் ஒரு சிக்கல். 2013-இல் 33 டிகிரியையும் 36 டிகிரியையும் ஒப்பிட்டார்கள், வித்தியாசமில்லை. 2021-இல் சுமார் 1,850 பேரில் பாதிப் பேரை 33-இல் வைத்தார்கள், மீதிப் பேருக்கு 37.5-ஐத் தாண்டாமல் காய்ச்சலை மட்டும் தடுத்தார்கள். அப்போதும் பிழைத்தவர்களின் விகிதத்தில் வித்தியாசமில்லை, ஆனால் குளிர்விக்கப்பட்டவர்களுக்கு இதயத் துடிப்புக் கோளாறு அதிகம். மருத்துவர்களே 'சிகிச்சைக்கான ஹைப்போதெர்மியா' என்ற பழைய பெயரை ஓரங்கட்டி, பொதுவாக 'வெப்பக் கட்டுப்பாடு' என்ற பொருள்படும் பெயருக்கு மாறிவிட்டார்கள். ஆகவே தமிழில் ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்:

உடல்வெப்பத் தணிப்பு: 'இதயநிறுத்தத்துக்குப் பின் நோயாளிக்கு 33 டிகிரிக்கு உடல்வெப்பத் தணிப்பு செய்யப்பட்டது.'

உடல்வெப்பக் கட்டுப்பாடு: 'காய்ச்சல் 37.5-ஐத் தாண்டாமல் மூன்று நாள் உடல்வெப்பக் கட்டுப்பாட்டில் வைக்கப்பட்டார்.'