புளி போட்டு விளக்கிய தோட்டா

"மாமா, இது செத்த தோட்டா. அடியில குழி விழுந்திருக்கு பாருங்க, வெடிச்சு முடிஞ்சிடுச்சு."

இந்த ஆண்டில் மூன்றாவது முறையாக இதையே கேட்கிறேன். முதல் இரண்டும் வாட்ஸப்பில் வந்த படங்கள். இது சொந்தக்காரர் வீட்டு ஷோகேஸில், கொலு பொம்மைக்குப் பக்கத்தில் படுத்துக்கிடந்தது. பையன் நாகாலாந்தின் கோஹிமா பக்கம் சுற்றிப் பார்க்கப் போனபோது யாரிடமோ காசு கொடுத்து வாங்கி, ரயிலில் பையோடு கொண்டுவந்திருக்கிறான். பச்சைக் களிம்பேறிக் கிடந்ததை அவன் அம்மா புளி போட்டுத் தேய்த்து, குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று ஆக்கிவிட்டார்.

ராணுவத்தில் துப்பாக்கி பழுதுபார்க்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தொடாமல் டார்ச் அடித்து அடிப்பக்கத்தைப் பார்த்தேன். 'எஸ்.எல். 43' என்று பொறித்திருந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஆலையில் 1943இல் செய்தது. பிரௌனிங் மெஷின் கன்னுக்கான 7.62 மி.மீ. ரவுண்டு (கூடு, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழுத் தோட்டா). இரண்டாம் உலகப் போரில், 1944இல் ஜப்பானியரை எதிர்த்து இம்பால், கோஹிமா மலைகளில் ஏறிய லீ டாங்கிகளில் இந்தத் துப்பாக்கிதான். பீரங்கிக்குப் பக்கத்தில் ஒன்று, உச்சியில் இருக்கும் சின்னக் கூண்டில் ஒன்று, முன்புறம் இரண்டு என்று ஒரே வண்டியில் நான்கு வரை வைத்திருந்தார்கள். 250 ரவுண்டு கோத்த துணி பெல்ட் பெட்டி பெட்டியாக உள்ளே இருக்கும். அந்த ஆண்டு ஏப்ரல் 13இல் நுங்ஷிகம் குன்றின் முகட்டில் டாங்கிகள் ஏறியபோது, வழி பார்க்கத் தலையை வெளியே நீட்டிய அதிகாரிகள் எல்லோரும் குண்டடி பட்டார்கள். அவர்களுக்குக் கீழ்ப் பதவியில் இருந்தவர்கள்தான் சண்டையை முடித்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் தரையில் உருண்ட ரவுண்டை யார் குனிந்து பொறுக்குவது? (இந்தத் தோட்டா எந்த டாங்கியிலிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். விற்றவர் சொல்லும் கதையை நம்பவும் வேண்டாம்.)

குழி விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இதை இனி ஒருமுறை சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. சுடும் ஊசி அடியில் இருக்கும் கேப்பை (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) குத்தினால் குழி விழும். குழி சொல்வது அவ்வளவுதான், ஊசி குத்தியது என்று. வெடித்ததா என்பதை மேல்முனை சொல்லும். சுட்ட தோட்டாவில் வெறும் பித்தளைக் கூடுதான் மிஞ்சும், மேலே குண்டு இருக்காது. குழியும் இருந்து, குண்டும் இருந்தால் அதற்குப் பெயர் மிஸ்ஃபயர். குத்து வாங்கியும் வெடிக்காமல் நின்றது. சுடுகிறவர் கைப்பிடியை இழுத்து அதை வெளியே தள்ளிவிட்டு அடுத்ததைச் சுடப் போய்விடுவார். நீங்கள் 'செத்தது' என்று நினைப்பது, ஒருமுறை அடி வாங்கி, வெடிக்காமல் போய், உள்ளே மருந்தும் கேப்பும் அப்படியே இருக்கிற ரவுண்டு. எங்கள் ஆட்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்.

அதிலும் பிரௌனிங்குக்கு ஒரு குணம் உண்டு. சுடுவதை நிறுத்தினாலும் அடுத்த ரவுண்டு குழலின் பின்பக்க அறைக்குள் போய் உட்கார்ந்திருக்கும். நீண்ட நேரம் சுட்ட குழல் கொதிக்கும்போது யாரும் விசையைத் தொடாமலே அது வெடிக்கலாம். ஜெர்மன் டாங்கிகளின் எம்.ஜி. 34 மெஷின் கன்னில் சுடுவதை நிறுத்தினால் அறை காலியாக இருக்கும். அதனால் சூடு பட்டால் மருந்து என்ன செய்யும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சாவிக்கொத்து செய்ய இதில் துளை போடச் சொல்லிக் கேட்கிறவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கிறது.

சில கடைக்காரர்கள் வெற்றுக் கூட்டில் குண்டைச் செருகி விற்பதும் உண்டுதான். வெளியிலிருந்து பார்த்து அதை உறுதியாகச் சொல்ல உங்களால் முடியாது. குலுக்கிப் பார்க்கிறேன் என்று கிளம்பவும் வேண்டாம்.

இன்னொன்று, முனையில் இருக்கும் பெயின்ட். பையன் நகத்தால் சுரண்டியிருந்தான், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு மிச்சம். அது அழகுக்கு அடித்ததில்லை. அமெரிக்க ரவுண்டில் கறுப்பு முனை என்றால் இரும்புத் தகட்டைத் துளைப்பது, சிவப்பு என்றால் ட்ரேசர், அதாவது பறக்கும்போது எரிந்து போகும் வழியைக் காட்டும் குண்டு. ட்ரேசர் குண்டின் பின்பக்கத்தில் எரியும் மருந்து தனியாக இருக்கும். டாங்கியின் முன்பக்கத் துப்பாக்கிக்காரருக்குப் பல வண்டிகளில் குறிபார்க்கும் கருவியே கிடையாது, ட்ரேசரின் சிவப்புக் கோடு போகும் திசையைப் பார்த்துத்தான் திருப்புவார். ஆக, சுரண்டியது அந்தத் தோட்டாவின் அடையாள அட்டையை.

எண்பது வருஷ ஈரத்தில் மருந்து கெட்டிருக்காதா? கெடும். கெட்டால் அமிலம் கசிந்து கூட்டை உள்ளிருந்து அரிக்கும். சில வெடிக்கும், சில வெடிக்காது. எது எது என்று அதன் மேல் எழுதியிருக்காது. குழல் இல்லாமல் வெடித்தால் பித்தளைக் கூடு கிழிந்து சிதறும். பக்கத்தில் இருப்பது உங்கள் கையும் கண்ணும்.

வீட்டில் இருந்தால் தொடாதீர்கள். தேய்க்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள், பற்றவைப்புக் கடைக்குக் கொண்டு போகாதீர்கள். கிணற்றில் போடுவது, குப்பையில் போடுவது, பழைய இரும்புக்காரரிடம் தள்ளுவது எதுவும் வேண்டாம், அவர் சுத்தியலால் அடிப்பார். பிள்ளைகளை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு 112க்குப் போன் செய்யுங்கள். நீங்களே ஸ்டேஷனுக்கு எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள், அவர்கள் வருவார்கள். உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். பையில் ஒன்றே ஒன்று இருந்தாலும் விமான நிலையத்தில் நாள் முழுக்க உட்கார வேண்டிவரும்.

அன்று போலீஸ் வந்து, அவர்கள் அழைத்த வெடிகுண்டுப் பிரிவு அதை எடுத்துப் போக இரவாகிவிட்டது. அந்த அம்மா புளி தேய்த்த கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகுதான் பையன் சொல்கிறான், கூடப் போன இரண்டு நண்பர்களும் ஆளுக்கொன்று வாங்கினார்களாம். ஒருவன் பெங்களூரில் மேஜைமேல் பேனாக்களோடு நிறுத்தி வைத்திருந்தான், சொன்னதும் கேட்டுக்கொண்டான். இன்னொருவன் போனை எடுக்கவே இல்லை. தம்பி, இதைப் படித்தால் கோபித்துக்கொள்ளாதே. திட்டுவதற்குக் கூப்பிடவில்லை. அது எங்கே இருக்கிறதோ அங்கேயே விட்டுவிட்டு 112ஐக் கூப்பிடு.