சிறாப்பர்: காசை எண்ணுபவரா, நோட்டம் பார்ப்பவரா?

வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ பிரதேச சபைக்கு வரி கட்டப் போனால், "அங்கால சிறாப்பரிட்டக் கட்டிப்போட்டுத் துண்டைக் கொண்டு வாங்கோ" என்பார்கள். நீதிமன்றத்தில் தண்டப்பணம் வாங்குபவரும் மாவட்டச் செயலகத்தில் பற்றுச்சீட்டு எழுதுபவரும் சிறாப்பர்தான். எண்ணுவது, எழுதுவது, வங்கியில் இடுவது என்பதோடு இன்று அவருடைய வேலை முடிந்துவிடும். ஆனால் அந்தப் பதவி உண்டான காலத்தில் எண்ணுவது இரண்டாம் வேலை. மேசைக்கு வந்தது நல்ல காசா, கள்ளக்காசா என்று பிரித்தறிவதே முதல் வேலை.

சொல்லின் வேர் அரபு. அங்கே 'ஸர்ஃப்' என்றால் நாணயமாற்று. அதைச் செய்பவர் 'ஸர்ராஃப்'. பாரசீகம் வழியாக இந்துஸ்தானிக்குப் போய், காசு மாற்றுபவருக்கும் நகை வணிகருக்கும் பெயரானது. தமிழ்நாட்டில் அது 'சராப்பு'. ஆங்கிலேயர் வாயில் 'ஷ்ரொஃப்' ஆகி, நிர்வாகத்தோடு இலங்கைக் கச்சேரிகளுக்கு, அதாவது மாவட்ட அரச அலுவலகங்களுக்கு, வந்து சேர்ந்தது. தமிழ் நாவு தொடக்க மெய்க்கூட்டை இகரத்தால் பிரித்து, மதிப்புக்கு 'அர்' சேர்த்துச் 'சிறாப்பர்' ஆக்கிக்கொண்டது. கச்சேரி என்ற சொல்லும் அதே இந்துஸ்தானி வழிதான் வந்தது.

இந்த வேலைக்கு ஏன் தனியாக ஓர் ஆள் வேண்டியிருந்தது என்பதை அன்றைய நாணயத்திலிருந்துதான் விளங்கிக்கொள்ள வேண்டும். இலங்கை 1872 இல் ரூபாய், சதக் கணக்குக்கு மாறியது. 1892 முதல் 50, 25, 10 சத வெள்ளிக்காசுகளும் வந்தன. வெள்ளி ரூபாய் மட்டும் இலங்கைக்கென்று அடிக்கப்படவில்லை. கையில் புழங்கியது இந்திய ரூபாய். ஆகவே பாக்கு நீரிணைக்கு அக்கரையில் வார்த்த கள்ள ரூபாய் இக்கரையிலும் அப்படியே செல்லும். தோணியில் வரும் நெல் மூட்டைக்குள்ளோ, ஆளின் மடிக்குள்ளோ அதை மறைப்பது கடினமல்ல. மன்னாரிலிருந்து மதவாச்சி ஊடாக மாத்தளை வரை தோட்டத் தொழிலாளர் நடந்த பாதை வன்னியின் ஓரத்தால்தான் போனது. மன்னாருக்குத் தெற்கே மறிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு நடந்த வருடங்களில் காட்டுக்கரையில் ஒரு நகரமே எழும். 1905 இல் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அவை அங்கேயே ஏலத்தில் போயின. முன்பின் அறியாதவர்கள் அவசரத்தில் காசு கைமாற்றும் இப்படியான இடங்களைப் பார்த்துத்தான் கள்ளக்காசுக்காரன் வருவான்.

நல்ல ரூபாயின் எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். பொன்னும் வெள்ளியும் நிறுக்கும் அன்றைய அளவில் சரியாக ஒரு தோலா. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. தட்டாரின் சிறுதராசில் ரூபாயே படிக்கல்லாக இருந்தது இதனால்தான். தேய்ந்த காசும் நூற்றுக்கு இரண்டு பங்கு வரை குறையலாம் என்று இந்திய நாணயச் சட்டம் இடம் கொடுத்தது, 176.4 கிரெயினுக்கு மேல் நின்றால் செல்லும்.

மலிவான கள்ளக்காசு வெள்ளீயமும் ஈயமும் கலந்து வார்த்தது. நல்ல காசைக் களிமண்ணில் அல்லது சுண்ணச்சாந்தில் அழுத்தி அச்செடுத்து, உருக்கி ஊற்றுவார்கள். இதைப் பிடிப்பது எளிது. விரல் நுனியில் நிறுத்திச் சுண்டினால் வெள்ளி நீண்டு ஒலிக்கும். ஈயக் கலவை 'டொக்' என்று அடங்கிவிடும். முழுக்க வெள்ளீயமென்றால் அதே பருமனில் 8.3 கிராம் அளவே நிறுக்கும். எடையைச் சரிக்கட்ட ஈயத்தைக் கூட்டினால் காசு மென்மையாகி நகத்துக்கே கீறுப்படும். வார்ப்பு ஆறும்போது சுருங்குவதால் விட்டம் மயிரிழை குறையும், எழுத்தின் விளிம்பு மழுங்கும், காசிலுள்ள விக்டோரியா ராணியின் கன்னத்தில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஓரம். உலோகம் ஊற்றிய வாயை அரத்தால் தேய்த்த இடத்தில் பற்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் அல்லது சாய்ந்திருக்கும்.

ஒலியை மட்டும் நம்பினால் இரண்டு பக்கமும் பிழை வரும். பதக்கமாக்க வளையம் பற்றவைத்து, பிறகு கழற்றிய நல்ல ரூபாயும், உள்ளே வெடிப்புள்ள நல்ல ரூபாயும் மந்தமாகத்தான் ஒலிக்கும். செம்பு, நாகம், நிக்கல் கலந்த கள்ளக்காசோ நன்றாகவே ஒலிக்கும். அதற்கு உரைகல் வேண்டும். உரைத்த கோட்டில் நைத்திரிக்கமிலம் ஒரு துளி விட்டு உப்புநீர் சேர்த்தால், வெள்ளி இருக்குமிடத்தில் தயிர்போல வெண்மை படியும்; நிக்கல் கலவை பச்சையாகவே நிற்கும். ஈயமும் வெண்மை தரும் என்பதால் இங்கே ஏமாறலாம். வெயிலில் சற்று வைத்தால் வெள்ளியின் படிவு கருநீலமாகும், ஈயத்தின் படிவு மாறாது.

இந்தச் சோதனைகள் அத்தனையையும் வெறுமையாக்கியது 1893. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் இந்திய அக்கசாலைகள், பொதுமக்கள் கொண்டுவரும் வெள்ளியைக் காசாக அடித்துக் கொடுப்பதை நிறுத்தின. ரூபாயின் பெறுமதி பிறகு 16 பென்ஸில் நின்றது. வெள்ளியின் விலையோ விழுந்துகொண்டே போனது. நூற்றாண்டு முடியும் தறுவாயில் ஒரு ரூபாயில் இருந்த வெள்ளியின் விலை ஏறக்குறைய 10 பென்ஸ்தான். நல்ல வெள்ளியை முழு எடைக்கு எடுத்து, செதுக்கிய அச்சில் அடித்தாலும் காசுக்கு 6 பென்ஸ் மிச்சம். அப்படிப்பட்ட காசு ஒலியில் தேறும், தராசில் தேறும், உரைகல்லிலும் தேறும். மாட்டிக்கொடுப்பது அச்சின் வேலைப்பாடு மட்டுமே.

தடம் பிடிப்பதும் அந்த வேலைப்பாட்டை வைத்துத்தான். ஒரே தாய்க்காசிலிருந்து வார்த்தவை அனைத்திலும் ஒரே ஆண்டு, ஒரே கீறல், ஒரே குழி ஒரே இடத்தில் இருக்கும். ஒரே அச்சில் அடித்தவற்றில் ஒரே எழுத்து ஒரே விதமாய்க் கோணும். பிடிபட்ட காசுகளைக் கலந்து ஒரு பெட்டியில் போட்டால் இந்தச் சான்று வீணாகிவிடும். கொண்டுவந்தவர், திகதி, அவர் கட்டிய மொத்தத் தொகை ஆகியவற்றை எழுதித் தனித்தனிப் பொதியாக முத்திரையிட்டால்தான், இரண்டு ஊரில் கிடைத்த இரண்டு காசு ஒரு பட்டறையிலிருந்து வந்தவை என்று காட்டலாம். சிறாப்பர் "ஆரிட்ட வாங்கினனீர்?" என்று கேட்பதற்குச் சட்டக் காரணமும் உண்டு. 1883 இன் தண்டனைச் சட்டக்கோவை கள்ளக்காசு செய்தல், கடல் கடந்து கொண்டுவருதல், வைத்திருத்தல், கொடுத்தல் ஆகியவற்றைத் தனித்தனிக் குற்றமாக வகுத்தது. வாங்கும்போதே தெரிந்திருந்து பிறருக்குக் கொடுத்தவனுக்குத் தண்டனை கடுமை. தெரியாமல் வாங்கி, பிறகு தெரிந்தும் தள்ளிவிட்டவனுக்கு அதிலும் குறைவு. முன்பின் தெரியாமல் கொண்டுவந்த கமக்காரரைக் குற்றவாளியாக்காமல் காப்பது இந்த வேறுபாடுதான்.

இனித் தமிழ்ச்சொல். 'காசாளர்' இன்றைய பதவிக்குப் போதும். பெயர்ப்பலகையில் தயங்காமல் எழுதலாம். பழைய பொருளுக்கு அது போதாது, சோதனை என்ற பகுதி அதில் இல்லை. சங்ககாலத்தில் நாணயம் சோதிப்பவர் வண்ணக்கன். சங்கப் புலவர் வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் பெயரிலேயே அது உண்டு. அழகான சொல்தான். ஆனால் மட்டக்களப்புப் பக்கம் கொக்கட்டிச்சோலை போன்ற கோயில்களில் 'வண்ணக்கர்' என்பது கோயில் நிர்வாகத் தலைவரின் பட்டமாக இன்றும் வழங்குகிறது. கச்சேரி ஆவணத்தை மொழிபெயர்க்கையில் அதை இட்டால் கிழக்கு மாகாண வாசகர் வேறொருவரை நினைப்பார். எங்கள் தேர்வு 'நோட்டகாரர்'. நாணயத்தைச் சோதிப்பது 'நோட்டம்' என்று அகராதிகளில் உள்ளது; 'நோட்டம் பார்த்தல்' என்பது பேச்சிலும் கிடக்கிறது. 19 ஆம் நூற்றாண்டு ஆவணத்தில் வரும் பதவிக்கு 'நாணய நோட்டகாரர்', சோதனைக்கு 'நாணய நோட்டம்', கள்ளக்காசு அடிக்கும் இடத்துக்குக் 'கள்ளக் கம்பட்டம்' என்று எழுதலாம். பேச்சில் சிறாப்பர் சிறாப்பராகவே இருக்கட்டும்.