செபல் நக்ஜி: சொல் விளக்கம்

தென்கொரியாவின் தென்மேற்குக் கரையில் உள்ள மொக்போ, முவான் ஆகிய ஊர்களின் கடலுணவகங்களில் 'செபல் நக்ஜி' என்னும் ஆக்டோபஸ் வகையின் பெயர் பரவலாகக் காணப்படும். கொரிய மொழியில் 'செ' என்பது மூன்று என்னும் எண்ணைக் குறிக்கும். 'பல்' என்றால் கால். ஆகவே இதனை மூன்று கால்களை உடைய உயிரி என்று கொரியர்களிலேயே சிலர் பிழையாகப் பொருள் கொள்கின்றனர். உண்மையில் இச்சொல்லில் உள்ள 'செ', நுண்மை என்று பொருள்படும் சீன மூலச் சொல்லாகும். கால்கள் எட்டும் இருக்கின்றன. அவை மெல்லியவையாக இருப்பதே இப்பெயருக்குக் காரணம்.

இந்த ஆக்டோபஸைக் குறிக்கும் 'நக்ஜி' என்பதன் வரலாறு இன்னும் சுவையானது. ஹுக்சான் தீவுக்கு நாடு கடத்தப்பட்ட அறிஞர் சொங் யாக்-சொன், 1814இல் எழுதி முடித்த கடலுயிரி நூலில், இதன் மக்கள் வழக்குப் பெயரைப் 'பிணை', 'குளம்பு', 'மீன்' என்று பொருள்படும் மூன்று சீன எழுத்துகளால் குறித்திருக்கிறார். கால்கள் பின்னிக்கிடப்பதால் வந்த பெயர் என்று இதனை விளக்குவோர் உண்டு. எனினும், மக்கள் நாவில் வழங்கிய ஒலியைப் பதிவு செய்யத் தேர்ந்த எழுத்துகளின் பொருளையே சொல்லின் பிறப்பாகக் கொள்வதில் எச்சரிக்கை தேவை. மெலிந்து சோர்ந்த மாட்டுக்கு இதனைத் தின்னக் கொடுத்தால் உடனே வலுப்பெறும் என்றும் அவர் எழுதியிருக்கிறார். உடலுக்கு வலுவூட்டும் உணவு என்று கொரியர் இன்றும் இதனை மதிக்கின்றனர்.

வட்டார உணவுகளின் பெயர்களும் பொருள் பொதிந்தவை. வைக்கோலில் சுற்றிக் காரக்குழம்பு தடவிச் சுடுவது 'ஹொரோங்கி'. பலகையில் கத்தி விழும் ஓசையால் பெயர் பெற்றது, பச்சையாக நறுக்கி உண்ணும் 'தங்தங்கி'. பூசான் நகரின் 'சோபாங் நக்ஜி', அங்கிருந்த நூற்பாலை ஒன்றின் பெயர்ச் சுருக்கத்தைத் தாங்கி நிற்கிறது.

தமிழில் இதனை 'ஆக்டோபஸ்' என்று எழுதி நிறுத்திவிடுவது போதாது. பெரிய உடலுடைய 'முனோ', சிறிய 'ஜுக்குமி', சேற்றில் வளை தோண்டி வாழும் 'நக்ஜி' என்று கொரியர் பிரித்தறியும் மூன்றும் அந்த ஒரே சொல்லில் கரைந்துபோகின்றன. 'எண்காலி' என்பது 'ஆக்டோபஸ்' என்னும் கிரேக்க மூலச் சொல்லின் நேர் பெயர்ப்பு. நம் கடற்கரை வழக்கிலோ ஊசிக் கணவாய் (ஸ்குவிட்), ஓட்டுக் கணவாய் (கட்டில்ஃபிஷ்), பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) என்று வகை பிரிக்கும் முறை ஏற்கெனவே இருக்கிறது. அம்முறையைப் பின்பற்றி, கடல் வற்றும்போது வெளிப்படும் சேற்று நிலத்தில் தோண்டிப் பிடிக்கப்படும் நக்ஜியைச் 'சேற்றுப் பேய்க்கணவாய்' என்றும், செபல் நக்ஜியை 'நுண்காற் பேய்க்கணவாய்' என்றும் வழங்கலாம் என்பது என் துணிபு.

மொழிபெயர்ப்போர் மற்றொன்றையும் கருத வேண்டும். வடகொரியாவில் 'நக்ஜி' என்னும் இதே சொல் ஊசிக் கணவாயைக் குறிக்கிறது. ஆதலால் மூல உரை எந்தக் கொரியாவில் எழுதப்பட்டது என்று பார்த்த பின்னரே தமிழ்ச் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.