கட்டு பிரிச்சாச்சு, வலி போகலையே?

கணுக்கால் முறிவு பெரும்பாலும் 6 முதல் 8 வாரத்தில் கூடிவிடும். எக்ஸ்ரேயைப் பார்த்து "எலும்பு சேர்ந்துடுச்சு, நடங்க" என்று டாக்டர் சொன்ன பிறகுதான் பலருக்குத் தலைவலியே தொடங்குகிறது. காலையில் முதல் அடி வைத்தால் உயிர் போகிறது; மாலையில் செருப்புக்குள் கால் நுழைவதில்லை. எலும்பு சரியாகக் கூடவில்லையோ என்று பயந்து மறுபடியும் படுத்துவிடுகிறார்கள்.

இந்தக் கட்டத்தில் வலிப்பது பெரும்பாலும் எலும்பல்ல. மாவுக்கட்டுக்குள் அசையாமல் கிடந்த மூட்டு இறுகியிருக்கும், ஆடுசதை இளைத்திருக்கும். மாலை வீக்கம் 6 மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட இருக்கும். படுத்தே இருந்தால் இறுக்கம் கூடும், ஒரே நாளில் அதிகம் நடந்தால் வீக்கம் கூடும். அதனால் அளவுதான் மருந்து.

அளவை மறுநாள் காலை சொல்லிவிடும். வலிக்கு 10-க்கு எத்தனை மதிப்பெண் என்று நீங்களே போடுங்கள். பயிற்சியின்போது 3, 4 வரை பரவாயில்லை. விடிந்ததும் வலியும் வீக்கமும் பழைய நிலைக்கு வந்திருந்தால் அதே அளவைத் தொடரலாம். வரவில்லையென்றால் பாதியாகக் குறையுங்கள். அடியோடு நிறுத்த வேண்டாம்.

முதலில் மீட்க வேண்டியது பாதம் மேல்நோக்கி மடங்கும் அசைவு. அது இல்லாமல் இந்தியன் டாய்லெட்டில் உட்கார முடியாது, படியிறங்கவும் சிரமம். டாக்டர் எடை வைக்கச் சொன்ன பிறகு, சுவரைப் பார்த்து நின்று, அடிபட்ட பாதத்தைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். குதிகால் தரையை விட்டு எழாமல் முட்டியால் சுவரைத் தொடுங்கள். 10 முறை, நாளுக்கு மூன்று வேளை. எளிதானதும் பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்துங்கள். நல்ல காலின் தூரம்தான் இலக்கு. குதிகாலைத் தூக்கியோ முட்டியை உள்பக்கம் சாய்த்தோ தொட்டால் கணக்கில் சேராது. அடுத்தது ஆடுசதை: சமையல் மேடையைப் பிடித்து இரு குதிகாலையும் தூக்கி எழும்பி, 3 நொடி எடுத்து மெதுவாக இறங்குங்கள். 10 வீதம் 3 சுற்று.

கைத்தடியை நல்ல கால் பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பலர் அடிபட்ட பக்கமே பிடித்து நொண்டுவதைப் பார்க்கலாம். படியேற நல்ல கால் முதலில், இறங்க அடிபட்ட கால் முதலில்.

நடைக்குக் கடலூர்க்காரர்கள் சில்வர் பீச் மணலைத் தேடுவார்கள், மெத்தென்று இருக்கிறதே என்று. மணலில் பாதம் ஒவ்வொரு அடிக்கும் புரளும், கணுக்கால் தாங்காது. சில மாதங்களுக்குச் சமதளம்தான் நல்லது. புதுச்சேரியில் இருப்பவர்களுக்குக் கடற்கரைச் சாலை இருக்கிறது. மாலை 6 மணிக்கு மேல் வண்டித் தொல்லையும் இல்லை. 10 நிமிடத்தில் தொடங்குங்கள்.

வீடு வந்ததும் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம். காலைநேர இறுக்கத்துக்கு இளஞ்சூட்டு ஒத்தடம் போதும். சர்க்கரை நோயில் பாதம் மரத்தவர்கள் இரண்டையும் தவிர்ப்பது நல்லது, சூடோ குளிரோ தோலைச் சுட்டபின்தான் தெரியும். எண்ணெய் தடவி விரலிலிருந்து முட்டி நோக்கி மென்மையாக நீவலாம். "சொடக்கு எடுக்கிறேன்" என்று இழுத்து முறுக்குபவரிடம் மட்டும் காலைக் கொடுக்காதீர்கள். டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளை மருந்துக்கடையில் கேட்டு வாரக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும்.

ஆடுசதை மட்டும் திடீரென வீங்கி வலித்தால் இரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத்திணறலும் சேர்ந்தால் 108-ஐ அழையுங்கள். போர்வை பட்டாலே எரிகிறது, தோல் நிறம் மாறி வியர்க்கிறது என்றால் அது நரம்பு சார்ந்த வேறு சிக்கல். சீக்கிரம் காட்டினால்தான் கட்டுப்படும். பிளேட் வைத்த இடத்தில் காய்ச்சலோடு சீழ் வடிந்தாலும் காத்திருக்காதீர்கள்.

ஸ்கூட்டர், பைக்கை எப்போது எடுக்கலாம் என்பதுதான் எல்லோரும் கேட்பது. நின்ற இடத்திலேயே அடிபட்ட காலைத் தரையில் ஓங்கி மிதித்துப் பாருங்கள். வலியால் தயங்கினால் பிரேக்கிலும் அதே தயக்கம் வரும். இன்னும் நாள் இருக்கிறது.