விதைக்கு விட வேண்டியது மிஞ்சிய காயை அல்ல

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சென்ற வாரம் ஒரு பையில் பத்துப் பன்னிரண்டு பீன்ஸ் இலைகளைக் கொண்டுவந்து என் மேசையில் பரப்பினார். இலைகள் ஓரம் மடங்கிக் கீழ்நோக்கிச் சுருண்டிருந்தன. நரம்பை ஒட்டி அடர்பச்சையும் நரம்புகளுக்கு இடையே வெளிர்பச்சையுமாகத் திட்டுத் திட்டாக நிறம் மாறியிருந்தது. வைரஸால் வரும் தேமல் நோய் என்பதில் ஐயமில்லை. விதைப் பரிமாற்றம் ஒன்றில் கிடைத்த செடி பீன்ஸ் விதையை மூன்று போகமாகத் தம் தோட்டத்திலேயே எடுத்துத் திரும்பத் திரும்ப விதைத்து வருவதாகவும், முதல் போகத்தில் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுக்கும் அளவு காய்த்தது இப்போது ஒரு வேளைப் பொரியலுக்கும் போதவில்லை என்றும் சொன்னார். "நாட்டு விதைதானே சார், இதுக்கு எப்படி நோய் வரும்?" என்று அவர் கேட்டார். இந்தப் பருவத்தில் இதே கேள்வியை என்னிடம் கேட்ட எட்டாவது ஆள் அவர். இனியும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்பதால் எழுதிவிடுகிறேன்.

மரபு விதைக்கு நோய் வராது என்பது உண்மையல்ல. ஒரு ரகத்தை மரபு ரகம் என்று சொல்லும்போது, அது கலப்பினம் அல்ல, விதைத்தால் தாயைப் போலவே பிள்ளையும் இருக்கும், பல தலைமுறைகளாகக் கைமாறி வந்திருக்கிறது என்பவைதாம் பொருள். நோயைத் தாங்கும் என்பது அந்தச் சொல்லுக்குள் எங்கும் இல்லை. சில மரபு ரகங்கள் சில நோய்களைத் தாங்கும், சில தாங்கா, கலப்பினங்களிலும் அப்படித்தான். அதிலும் பீன்ஸைப் பொறுத்தவரை "நாட்டு" என்ற அடைமொழியையே கொஞ்சம் நிதானித்துத்தான் சொல்ல வேண்டும். அதன் தாயகம் மெக்சிகோவும் ஆண்டிஸ் மலைத்தொடரும். நம் மலைகளுக்கு அது ஐரோப்பியர் வழியாக வந்து சேர்ந்தது. நம் அவரைக்கும் மொச்சைக்கும் இந்த மண்ணோடு உள்ள பழக்கம் பீன்ஸுக்குக் கிடையாது. மண்ணின் விதை, மண்ணே பார்த்துக்கொள்ளும் என்று அதை அதன் போக்கில் விட்டுவிடுபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இத்தனை தலைமுறைகளாக அந்த விதையைக் காப்பாற்றியது மண் அல்ல, ஒவ்வொரு போகத்திலும் நல்ல செடியைப் பார்த்துப் பார்த்து ஒதுக்கிவைத்த பாட்டிமார்களின் கண்.

விதையைச் சொந்தமாக எடுப்பதற்குப் பீன்ஸைப் போல் எளிதான காய்கறி அதிகம் இல்லை. பூ விரிவதற்கு முன்பே, மூடிய இதழ்களுக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கை நடந்துவிடுவதால், பக்கத்துப் பாத்தியில் வேறு ரகம் நின்றாலும் கலப்பது மிக அரிது. இதே எளிமைதான் ஆபத்தையும் கொண்டுவருகிறது. ரகத்தின் குணம் மாறாமல் வருவதைப் பார்த்து, விதை நலமாகவும் இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம். தேமல் நோயின் வைரஸ் விதையின் கருவுக்குள்ளேயே இருக்கிறது. காயில் குழிப்புள்ளி விழவைக்கும் ஆந்த்ராக்னோஸ் பூசணம் விதைத்தோலுக்கு அடியிலும் பருப்பிலும் உறங்கிக் கிடக்கிறது. விதையைக் கழுவினாலும், பஞ்சகவ்யத்தில் நனைத்தாலும், சாம்பலில் புரட்டினாலும் உள்ளே இருக்கும் வைரஸுக்கு ஒன்றும் ஆகாது. கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூளைக் கலந்து விதைநேர்த்தி செய்வது வேரழுகலைக் குறைக்கும். அதைத் தவறாமல் செய்யுங்கள். ஆனால் தேமலுக்கு அது மருந்தாகாது. தேமலுக்கு எதுவுமே மருந்தல்ல. நோய் கண்ட செடியைப் பிடுங்குவதும், நோயற்ற செடியில் விதை எடுப்பதும் மட்டுமே நம் கையில் இருக்கின்றன.

நான் பார்க்கும் தோட்டங்களில் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு. விதைத்த 45, 50 நாளில் செடி பீன்ஸ் பறிப்புக்கு வந்துவிடும். கொடி பீன்ஸைப் போல மாதக்கணக்கில் காய்க்காமல் இரண்டு மூன்று வாரத்தில் மொத்தக் காய்ப்பையும் கொடுத்துவிடும். முதல் பறிப்பும் இரண்டாம் பறிப்பும், அதாவது செடி முழுத் தெம்போடு இருந்தபோது பிடித்த நல்ல காய்கள் அத்தனையும், அடுப்படிக்குப் போகின்றன. செடி சோர்ந்து, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி ஏறி, மழையில் இலை கருகிய பிறகு இலைமறைவில் தப்பிக் கிடந்த காய்களை, வீணாகப் போகிறதே என்று முற்றவிட்டு, அவற்றைத்தான் விதையென்று டப்பாவில் போட்டு வைக்கிறோம். நோய் ஏறிய செடி, பிந்திக் காய்த்த செடி, சூம்பிய காய் என்று மூன்றையும் சேர்த்துப் பொறுக்கியெடுத்து அடுத்த போகத்துக்கு அனுப்புகிறோம். மூன்று முறை இப்படிச் செய்தால் எந்த ரகமும் நலிந்துதான் போகும். அதற்குப் பிறகு ரகத்தைக் குறை சொல்வதில் நியாயமே இல்லை.

விதைக்கென்று செடியை முன்கூட்டியே ஒதுக்குங்கள். பூக்கும் தருணத்தில் பாத்தியை நிதானமாகச் சுற்றி வந்து, இலை சுத்தமாகவும் தண்டு உறுதியாகவும் ரகத்துக்குரிய உருவத்தோடும் நிற்கும் செடிகளில் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். குறைந்தது பதினைந்து, இருபது செடிகளாவது வேண்டும். ஒரே ஒரு செடியிலிருந்து எடுத்தால் அந்த ரகத்துக்குள் இருக்கும் சிறுசிறு வேறுபாடுகள் கைநழுவிப் போகும். நூல் கட்டிய செடியில் ஒரு காய்கூடச் சமையலுக்குப் பறிக்கக் கூடாது; வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள், விருந்தாளி வந்தாலும் இதில் மாற்றமில்லை. செடி பீன்ஸுக்கு நடுவே ஒன்று மட்டும் கொடி வீசினாலோ, காயின் நிறமோ விதையின் நிறமோ மாறி வந்தாலோ அது கலவன்; விதைக்கு விடாமல் காயாகப் பறித்துச் சமைத்துவிடுங்கள். தேமல் அறிகுறி தெரிந்த செடியை அன்றே பிடுங்கித் தோட்டத்தை விட்டு அகற்றுங்கள். பாவம், பூ விட்டிருக்கிறதே என்று இரக்கப்பட்டால், அந்தச் செடியில் சாறு குடித்த அசுவினி அடுத்த செடிக்கு நோயைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

மலைப்பகுதியில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேண்டுகோள். பனியும் சாரலும் காயாமல் இலை ஈரமாக இருக்கும்போது பீன்ஸ் பாத்திக்குள் இறங்காதீர்கள். ஆந்த்ராக்னோஸ் பூசணத்தின் வித்துகள் ஈரத்தில் பிசுபிசுப்பாக இருக்கும். காலை ஏழு மணிக்குக் களையெடுக்கப் போகும் நம் கையும் சேலையும் வேட்டியும்தான் அவற்றை வரிசை முழுக்கப் பூசிவிட்டு வருகின்றன. இந்த நோய் கண்ட காயில் செம்பழுப்பு விளிம்போடு உள்வாங்கிய வட்டப் புள்ளிகள் இருக்கும். அப்படி ஒரு காயை உரித்துப் பாருங்கள்: புள்ளிக்கு நேர் கீழே இருக்கும் விதையில், மைத்துளி பட்டது போல ஒரு பழுப்புக் கறை தெரியும். ஆசிரியை இலைகளோடு கொண்டுவந்திருந்த விதைக் குப்பியிலும் அத்தகைய விதைகள் இருந்தன. "இது ரகத்தோட புள்ளின்னு நினைச்சேன்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. புள்ளியுள்ள ரகங்களும் இருக்கின்றன. ரகத்தின் புள்ளி வழவழப்பான தோலின் நிறத்தில் மட்டும் இருக்கும். நோயின் கறையை விரல்நுனியால் தடவினால் அந்த இடம் சற்றே குழிந்து சொரசொரப்பாகத் தட்டுப்படும்.

விதைப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பீன்ஸ் விதையை இரவு முழுவதும் ஊறவைக்காதீர்கள். கொண்டைக்கடலையைச் சுண்டலுக்கு ஊறவைக்கும் பழக்கத்தில் இதைச் செய்கிறார்கள். நன்றாகக் காய்ந்த பீன்ஸ் விதை தண்ணீரை வேகமாக உறிஞ்சும்போது உள்ளே பருப்பு விரிசல் விடுகிறது, சத்து வெளியே கசிகிறது, அந்தக் கசிவை நாடி அழுகல் பூசணம் வருகிறது. வெள்ளை விதை ரகங்களுக்கு இந்தச் சேதம் இன்னும் அதிகம். முதல் நாளே நனைத்து வைத்த பாத்தியில், உலர்ந்த விதையை ஓர் அங்குல ஆழத்தில் அரை அடிக்கு ஒன்றாக, வரிசைக்கு வரிசை ஓர் அடி விட்டு ஊன்றுங்கள். முளை தலைநீட்டும் வரை மேல்மண் இறுகாமல் இருக்கும் அளவுக்குப் பூவாளியில் தெளித்தால் போதும். சமவெளியில் இருப்பவர்கள் கோடையில் முயலவே வேண்டாம், வெயில் ஏறினால் பூ அத்தனையும் உதிரும். பெருமழை ஓய்ந்த கார்த்திகையில் விதைத்தால் தை மாதக் குளிரில் காய் பிடிக்கும்.

நூல் கட்டிய செடியில் காய் வைக்கோல் நிறத்துக்கு வந்து, ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும்போது அறுவடை செய்யுங்கள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டால் செடியை வேரோடு பிடுங்கித் தாழ்வாரத்தில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடலாம். உரித்த விதையை மேலும் காயவைத்து, பல்லால் கடித்துப் பாருங்கள். தடம் பதிந்தால் ஈரம் மிச்சம் இருக்கிறது, இன்னும் காய வேண்டும். காய்ந்த பிறகு காற்றுப் புகாத குப்பியில் போட்டு, குளிர்பெட்டியின் உறைநிலை அறையில் ஒரு வாரம் வைத்தெடுத்தால் உள்ளே இருக்கும் வண்டு முட்டையோடு சாகும். ஈரம் போகாத விதையை அங்கே வைத்தால் வண்டோடு விதையும் செத்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். குப்பியின் மேல் ரகத்தின் பெயரையும் அறுவடை செய்த மாதத்தையும் எழுதுங்கள். பிறருக்குக் கொடுக்கும்போது, அந்தப் போகத்தில் உங்கள் பாத்தியில் என்ன நோய் இருந்தது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். மறைத்துக் கொடுத்தால் நோயையும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம்.

இனி, கையில் இருக்கும் ஒரே விதையும் நோய்ப்பட்டது என்றால் என்ன செய்வது என்ற கேள்வி இருக்கிறது. தூக்கி எறிய வேண்டாம் என்றுதான் ஆசிரியையிடமும் சொன்னேன். தேமல் கண்ட செடியின் எல்லா விதையிலும் வைரஸ் இருப்பதில்லை. ஒரு பகுதி விதை சுத்தமாகவே இருக்கும். அவருடைய குப்பியை ஒரு வெள்ளைத் துணியில் கொட்டி, கறையுள்ளதையும் சுருங்கியதையும் இருவரும் உட்கார்ந்து ஒதுக்கினோம். தேறியது 43 விதை. இரண்டு மூன்று ஆண்டுகளாகப் பீன்ஸே பயிரிடாத பாத்தியில், மற்ற பீன்ஸுக்கு எட்டத்தில், அவற்றை இடைவெளி விட்டு ஊன்றச் சொல்லியிருக்கிறேன். மூவிலை விரிந்த நாளிலிருந்து தினமும் ஒருமுறை இலையைத் திருப்பிப் பார்த்து, சந்தேகம் வந்த செடியைத் தயங்காமல் பிடுங்க வேண்டும். தப்பி நிற்பவற்றில் எதில் நூல் கட்டுவது என்று பார்க்க, பூக்கும் வாரத்தில் நானே அவர் தோட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.