கன்னித்திரை ஒரு திரையே அல்ல

"கன்னித்திரை" என்ற பெயரிலேயே பாதிக் குழப்பம் வந்துவிட்டது. திரை என்றால் வாசலை மூடியிருக்க வேண்டும், முதல் உறவில் கிழிய வேண்டும் என்று மனம் தானாகக் கணக்குப் போடுகிறது. உண்மையில் அது யோனி வாயின் விளிம்பைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு மடிப்பு. நடுவில் பிறவியிலேயே திறப்பு உண்டு. இல்லாவிட்டால் மாதவிடாய் ரத்தம் எந்த வழியாக வெளியே வரும்?

வடிவம் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு வளையம், சிலருக்குப் பிறை. நடுவில் ஒரு பட்டை ஓடி இரு துளைகளாகப் பிரிந்ததும் உண்டு, சல்லடைபோல் இருப்பதும் உண்டு. சிறு வயதில் மெல்லியதாக, தொட்டாலே வலிப்பதாக இருக்கும் இந்த மடிப்பு, பருவமடையும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சுரந்ததும் தடித்து நெகிழ்கிறது. கூந்தல் கட்டும் துணி ரப்பர் பேண்டை நினைத்துக்கொள்ளுங்கள்: ஓரமெல்லாம் சுருக்கம், இழுத்தால் விரியும், விட்டால் பழையபடி சுருங்கும். அதனால்தான் முதல் உறவில் பலருக்கு ஒரு சொட்டு ரத்தமும் வருவதில்லை. வந்தாலும், பெரும்பாலும் வறட்சியாலும் அவசரத்தாலும் பயத்தில் இறுகிய தசையாலும் ஏற்பட்ட சிறு கீறல்தான் காரணம். நிதானமும், தேவைப்பட்டால் நீர் சார்ந்த வழுக்குக் களிம்பும் அதைத் தவிர்க்க உதவும். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

"டாக்டர் பார்த்தால் தெரிந்துவிடாதா?" தெரியாது. 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், கர்ப்பமாக இருந்த 36 வளரிளம் பெண்களின் பரிசோதனைப் படங்களை ஆராய்ந்தார்கள். உறவு நடந்ததற்கான உறுதியான அடையாளம் இருவரிடம் மட்டுமே இருந்தது. விரல் விட்டுப் பார்த்து இறுக்கம் அளப்பதும் வீண்; பயந்தால் எந்தப் பெண்ணுக்கும் தசை இறுகும். கன்னித்தன்மைப் பரிசோதனையை ஒழிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் 2018-ல் வலியுறுத்தின. அப்படியொரு சான்றிதழ் கேட்கும் குடும்பத்திடம் "இதை யாராலும் எழுதித் தர முடியாது" என்று மருத்துவர் நேராகச் சொல்லிவிட வேண்டும்.

உறவு கொண்டால் யோனி "தளர்ந்துவிடும்" என்பதும் பொய். குழந்தையின் தலைக்கே வழிவிட்டு, பின் வாரக்கணக்கில் பெருமளவு மீளும் உறுப்பு அது. சிறுநீர் வரும் துவாரமும் வேறு, யோனி வாய்க்குச் சற்று மேலே இருக்கிறது. மாதவிடாய் ரத்தத்தை உறிஞ்ச யோனிக்குள் வைக்கும் பஞ்சுருளையான டாம்பூன் வைத்தாலும் சிறுநீர் தடைபடாது.

சிகிச்சை வேண்டியது வேறொன்றுக்கு. அரிதாகச் சிலருக்குத் திறப்பே இல்லாமல் சவ்வு முழுவதும் மூடியிருக்கும். பருவ வளர்ச்சி எல்லாம் இருக்கும், மாதவிடாய் மட்டும் வராது. மாதாமாதம் அடிவயிற்றில் வலி, சில நேரம் சிறுநீர் அடைப்பு. மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் சிறு அறுவை போதும். "கன்னித்தன்மை போய்விடுமே" என்று அதைத் தள்ளிப்போட்டால், தேங்கிய ரத்தம் யோனியை நிரப்பி, கருப்பைக்கும் கருக்குழாய்க்கும் பின்னோக்கி ஏறும்.