கேம்பிட்னா என்ன? தமிழ்ல 'இடறுகாய்'னு சொல்லலாமா?

செஸ்ல சொல்லுற கேம்பிட்ங்கிற வார்த்தையோட வேர் இத்தாலி பாஷையில இருக்கு. அங்க 'காம்பா'ன்னா கால். 'காம்பெட்டோ'ன்னா குறுக்க காலை நீட்டி ஒருத்தனை இடறி விடுறது, மல்லுக்கட்டும்போது பண்ணுவாங்கல்ல அது. 1561ல ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் ரூய் லோபஸ் செஸ் பத்தி ஒரு புஸ்தகம் போடுதாரு, அதுலதான் இந்த வார்த்தையை 'காம்பிட்டோ'ன்னு ஸ்பானிஷ் ஆக்கி, ஆட்டம் தொடங்கின உடனேயே ஒரு காயைக் கொடுத்து ஆடுற முறைக்குப் பேரா வைக்காரு. அங்கருந்து பிரெஞ்சு, அப்புறம் இங்கிலீஷ், இப்ப நம்ம பாளையங்கோட்டையில ஞாயித்துக்கிழமை டோர்னமென்ட் நடக்குற ஸ்கூல் வராண்டா வரைக்கும் வந்தாச்சு. "லே, அவன் கேம்பிட் போட்டாம்ல, நான் எடுக்கவே இல்ல"ன்னு பத்து வயசுப் பய சொல்லுதான்.

மாமல்லபுரத்துல 2022ல செஸ் ஒலிம்பியாட் நடந்த பொறவு நம்ம பக்கம் பிள்ளைய வாயில இந்த மாதிரி வார்த்தையெல்லாம் சரளமா வருது, கேக்கவே சந்தோஷமா இருக்கு. ஆனா அர்த்தம் என்னன்னு கேட்டா முக்காவாசிப் பேரு "சிப்பாயை சும்மா கொடுத்து ஏமாத்துறது"ம்பாவ. இங்கதான் எனக்கு மனசு கேக்க மாட்டேங்கு. ஏமாத்துறதுக்கு செஸ்ல வேற பேரு இருக்கு, அது டிராப், பொறி. பொறியில எதிராளி தப்பா ஆடுனாத்தான் நமக்கு லாபம், அவன் கண்டுபிடிச்சிட்டான்னா நம்ம பாடு திண்டாட்டம். கேம்பிட்ல அப்படி இல்ல, அவன் சரியா ஆடுனாலும் கொடுத்த சிப்பாய்க்கு ஈடா நமக்கு ஏதோ ஒண்ணு கையில நிக்கணும். அந்த ஏதோ ஒண்ணு பெரும்பாலும் நேரம்தான். அவன் சிப்பாயை எடுக்க ஒரு மூவ், எடுத்ததைக் காப்பாத்த இன்னொரு மூவ்னு செலவழிச்சுக்கிட்டு இருக்கப்ப நாம குதிரையையும் பிஷப்பையும் வெளிய கொண்டாந்து கேஸ்லிங்கும் (ராஜாவையும் யானையையும் ஒரே மூவ்ல நகத்தி ராஜாவைப் பத்திரமா ஒதுக்குறது) பண்ணி முடிச்சிடுதோம். மூணு மூவ் ஒரு சிப்பாய்க்குச் சமம்னு பழைய ஆளுக ஒரு கணக்கு வச்சிருந்தாவ, எல்லா இடத்துலயும் செல்லாது, ஆனா கத்துக்கிடுற பிள்ளைக்கு எண்ணிப் பாக்க அது போதும்.

சேக்ரிஃபைஸ், அதாவது பலி, அதுவும் வேற. பலி ஆட்டத்துல எந்த நேரத்துலயும் வரலாம், ராணியையே கொடுக்கலாம். கேம்பிட்னா ஆரம்பத்துல, அதுவும் அனேகமா சிப்பாய்.

இடறி விடுறதுன்னு ஏன் பேரு வச்சாவன்னு போர்டுல வச்சே பாக்கலாம். கிங்ஸ் கேம்பிட் எடுத்துக்கிடுங்க (ஈ4, எஃப்4ங்கிறதெல்லாம் போர்டுல உள்ள கட்டத்தோட பேரு). வெள்ளை ஈ4, கறுப்பு ஈ5, அடுத்து வெள்ளை எஃப்4னு ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயைத் தள்ளுது. கறுப்பு அதை எடுத்தா நடுவுல நின்ன அதோட சிப்பாய் ஓரமா விலகிப் போயிரும், வெள்ளைக்கு நடுப்பகுதி கிடைக்கும், எஃப் வரிசை யானைக்குத் திறக்கும். இது லாபம். ஆனா காலை நீட்டி ஒருத்தனை இடறி விடுறவன் அந்த நேரம் தானும் ஒத்தக்கால்லதான நிக்கான்? எஃப் சிப்பாய் போனதுமே வெள்ளை ராஜா பக்கம் ஒரு குறுக்குவழி தொறந்துக்கிடும். வெள்ளை குதிரையை எஃப்3ல வச்சுத் தடுக்காட்டா கறுப்பு ராணி நேரா எச்4ல வந்து செக் வைக்கும், ஜி3னு தடுத்தா எஃப்4ல இருக்குற சிப்பாயே அதை வெட்டிரும், அதனால ராஜா நகந்தே ஆகணும், கேஸ்லிங் போச்சு. கொடுத்தது ஒரு சிப்பாய்னு நினைப்போம், உண்மையில கொடுத்தது சிப்பாயும் ராஜாவோட பத்திரமும் சேத்து. அந்த இத்தாலிச் சொல்லுக்குள்ள இந்தப் பாதி ஆபத்தும் அடங்கியிருக்கு, அதனாலதான் 'ஏமாத்துறது'ன்னு சுருக்கிச் சொல்லுறதை நான் ஒத்துக்கிட மாட்டேன்.

குயீன்ஸ் கேம்பிட் பேருக்குத்தான் கேம்பிட். டி4 டி5 சி4, கறுப்பு சி4ல இருக்கதை எடுக்கு, எடுத்துட்டு அதைப் பிடிச்சு வச்சிக்கிடணும்னு பி5 தள்ளுச்சுன்னா வெள்ளை ஈ3க்குப் பொறவு ஏ4னு குத்தும், கறுப்பு சி6, வெள்ளை பி5ல எடுக்க கறுப்பு சி சிப்பாயால திருப்பி எடுக்கும், அப்ப வெள்ளை ராணி எஃப்3ல வந்து உக்காரும். மூலையில நிக்க யானை மாட்டிக்கிடுச்சு, ஒரு குதிரையோ பிஷப்போ கொடுக்காம தப்பிக்க வழியே இல்ல. சிப்பாய் திரும்பி வந்துரும்ங்கிற தைரியத்துலதான் வெள்ளை அதைக் கொடுக்குது. இந்த வரிசையை ஒரு தடவை கையால ஆடிப் பாத்த பிள்ளை அப்புறம் ஆயுசுக்கும் பி5 தள்ளாது.

பழைய மாஸ்டர்கள் இதை எப்படிப் பாத்தாவங்கிறதுதான் நம்ம பிள்ளையளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயம். 1851ல லண்டன்ல ஆண்டர்சன்ங்கிற மாஸ்டர், கிசெரிட்ஸ்கிங்கிற இன்னொரு மாஸ்டர் கூட ஆடுன கிங்ஸ் கேம்பிட்ல ஒரு பிஷப், ரெண்டு யானை, ராணின்னு வரிசையா கொடுத்துட்டு மிச்சம் இருந்த ரெண்டு குதிரையையும் ஒரு பிஷப்பையும் வச்சு 23வது மூவ்ல மேட் பண்ணுனாரு. அந்தக் காலத்துல கொடுத்தா வாங்கிக்கிடணும், மறுக்குறது வீரமில்லங்கிற மாதிரி ஒரு மனசு. பின்னால உலக சாம்பியனான ஸ்டைனிட்ஸ் வந்துதான் வாங்கு, ஆனா அமைதியா தடுத்து ஆடு, அட்டாக் தானா ஓயும்னு காட்டுனாரு. அவரே ஆரம்பத்துலயே ராஜாவை வெளிய கொண்டாந்து ஆடுற ஒரு கேம்பிட் வச்சிருந்தாரு, அது அவரு பேருலயே இருக்கு. அவருக்கு அடுத்த உலக சாம்பியன் லாஸ்கர் இன்னும் ஒரு படி மேல. 1820கள்ல இவான்ஸ்னு ஒரு கப்பல் கேப்டன் பி4ல சிப்பாயைக் கொடுக்க ஒரு ஓபனிங் கண்டுபிடிச்சாரு, அதுக்கு லாஸ்கர் சொன்ன மருந்து, வாங்குன சிப்பாயை நல்ல சமயம் பாத்துத் திருப்பிக் கொடுத்துரு, உன் காயெல்லாம் நிம்மதியா வெளிய வந்துரும்ங்கிறது. எங்க பக்கம் சின்னப் பிள்ளைய தோக்குற ஆட்டங்கள்ல பாதி, வாங்குன சிப்பாயை விட மனசில்லாம பிடிச்சுக்கிட்டே இருந்து தோக்குறதுதான், அதனால இந்த ஒரு பாடத்தை நான் எல்லாத்துக்கும் மேல வைப்பேன். அதே இவான்ஸ் கேம்பிட்டை 1995ல ரீகாவுல கஸ்பரோவ் நம்ம ஆனந்துக்கு எதிரா எடுத்து 25 மூவ்ல ஜெயிச்சாருங்கிறதையும் சேத்துச் சொல்லணும், பழசுன்னு தள்ளிற முடியாது.

சரி, தமிழ்ல என்ன சொல்ல? 'காலை வாருறது'ன்னு நம்மகிட்ட ஒரு வழக்கு இருக்கு, காம்பெட்டோவுக்கு அச்சு அசலா அதே காரியம். ஆனா நமக்கு அது கூட இருந்து குழி பறிக்கதுன்னு ஆயிப்போச்சு, செஸ்ல எல்லாம் கண்ணு முன்னாடி போர்டுலதான் நடக்குது, துரோகம் எங்க இருக்கு? 'பலித் தொடக்கம்'னா கொடுக்குறது மட்டும் தெரியும், எதிராளி தடுமாறுறது தெரியாது. 'தூண்டில்'னா பழையபடி பொறிக்கே போயிரும்.

எனக்குப் பிடிச்சது இடறு. பழைய சொல்லு, இன்னைக்கும் "பாத்துப் போலே, கல்லு இடறும்"னு வீட்டுல சொல்லுதோம். அதோட காய் சேத்தா இடறுகாய், எதிராளியை இடற வைக்கக் கொடுக்க காய். சிதறுகாய் தெரிஞ்ச பிள்ளைக்கு இது வாயில ஒட்டிக்கிடும். சிப்பாய்க்குத் தமிழ்ல காலாள்னும் பேரு இருக்கு, இங்கிலீஷ் பானுக்கும் மூலம் லத்தீன்ல கால்நடையா வர்ற வீரன்தான். ஆக காலாளை நீட்டி இடறுறதுன்னு சொன்னா மூலச் சொல்லுல உள்ள காலும் விட்டுப் போகாது.

வாங்கிக்கிட்டா இடறுகாய் ஏற்பு, வாங்காட்டா இடறுகாய் மறுப்பு, பதிலுக்கு நாமளும் ஒண்ணு கொடுத்தா எதிர் இடறுகாய். அந்த 1851 ஆட்டத்தை இந்தச் சொல்லுகளை வச்சுப் படிச்சுப் பாருங்க, ரெண்டாவது மூவ்ல ஆண்டர்சன் எஃப்4ல இடறுகாய் வைக்காரு, கிசெரிட்ஸ்கி ஏத்துக்கிடுதாரு, ராணியால செக் வச்சு ராஜாவை நகத்திட்டு நாலாவது மூவ்ல அவரும் பி5ல ஒரு எதிர் இடறுகாய் வைக்காரு, ஆண்டர்சனும் பிஷப்பால அதை எடுத்துக்கிடுதாரு.